புரொப்பெல்லரைக் கடைசியில் மாட்டு, தம்பி!
ஹெர்குலிஸ் கிட் கட்டப்போகிறவர்களுக்கு ராமாபுரத்து அக்காவின் டிப்ஸ்

பெட்டியைப் பிரித்ததும் பசையைத் தேடுகிற கையை முதலில் கட்டிப்போடு, தம்பி. பிளாஸ்டிக் விமான கிட்டில் பாதி வேலை பசை திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதிலும் நீ கட்டப்போவது டர்போபிராப். ஜெட் போல வழவழவென்று ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் ஏற்றிவிட முடியாது. உள்ளே டர்பைன் சுழன்று வெளியே புரொப்பெல்லரைச் சுற்றுகிற இந்த ரகத்தில், பார்க்கிறவன் கண் நேராகப் போய் நிற்கிற இடம் அந்த புரொப்பெல்லர்தான். அது தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பொம்மை மாதிரி நிற்கும்.

முதலில் அளவு. 1/72 என்றால் அசலில் ஆறு அடி, கிட்டில் ஒரு அங்குலம். கேட்க சின்னதாகத் தெரியும். ஆனால் நம் விமானப்படையிடம் இருக்கும் சி-130ஜே-30 சூப்பர் ஹெர்குலிஸின் இறக்கை அகலம் 40 மீட்டரைத் தாண்டும். 1/72-இல் அது 56 சென்டிமீட்டர், நீளம் 48 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு ஷோகேஸின் கண்ணாடிக் கதவு மூடாது, அம்மாவிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும். இடம் இல்லையென்றால் 1/144 வாங்கு, இறக்கை 28 சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

பெட்டி மேல் எழுதியிருப்பதையும் எழுத்து விடாமல் படி. ஹெர்குலிஸ் என்ற பெயரில் பல வகை உண்டு. 'எச்' பழையது, புரொப்பெல்லருக்கு நான்கு பிளேடு. 'ஜே' புதியது, ஆறு பிளேடு. ஜே-யிலேயே குட்டை உடம்பு, நீள உடம்பு என்று இரண்டு. நம்மிடம் இருப்பது நீள உடம்பு, ஜே-30. குட்டையைவிட 15 அடி கூடுதல், அதாவது 1/72-இல் இரண்டரை அங்குலம். குட்டை கிட்டை வாங்கிவிட்டு இந்திய வட்டச் சின்னம் ஒட்டினால், தெரிந்தவன் பார்த்த உடனே சிரிப்பான். ஸ்வெஸ்டா கம்பெனி 1/72-இல் ஜே-30-ஐயே போடுகிறது.

இதுவே முதல் கிட் என்றால் நான்கு இன்ஜின் ஹெர்குலிஸ் வேண்டாம் என்பேன். ஒரே வேலையை நான்கு தடவை செய்யும்போது மூன்றாவதில் கை சோம்பல்படும். ஏர்ஃபிக்ஸின் 1/72 டுகானோ நல்ல தொடக்கம். பிரிட்டிஷ் விமானப்படை 2019 வரை பயிற்சிக்குப் பறக்கவிட்ட ஒற்றை இன்ஜின் விமானம். முழுக் கறுப்பு, கைப்பிரஷ்ஷே போதும். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். ராமாபுரத்தில் மாடல் கடை ஏது? கிட்டும் பசையும் கூரியரில் வந்தாக வேண்டும். மீதியை மைசூருக்குப் பஸ் ஏறாமலே சேர்த்துவிடலாம். ஃபேன்ஸி ஸ்டோரில் புருவம் எடுக்கிற பிளக்கர், நகம் தேய்க்கிற பஃபர், ஐ-ஷேடோ ஸ்பான்ஜ் மூன்றையும் வாங்கு. கூச்சப்பட்டால் என் பெயரைச் சொல். கார் பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று மூன்று தாள். கொடியில் தொங்கும் துணி கிளிப் எல்லாம் உனக்குக் கிளாம்ப். நிப்பர் மட்டும் நல்லதாக வாங்கு. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்க்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடு. பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் ஒட்ட ஒரு வெட்டு, மிச்சத்தை பஃபரால் தேய். அவ்வளவுதான்.

ஸ்ப்ரூவை முழுசாகப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் அலசு. அச்சிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். கீழே டீ வடிகட்டி வைத்துக்கொள். ஆன்டெனா சைஸ் பாகம் ஒன்று சாக்கடைக்குப் போனால், அதைக் கம்பெனிக்காரன் தனியாகத் தர மாட்டான்.

பசையில் மூன்று ரகம், மூன்றுக்கும் மூன்று வேலை. உடம்புக்கும் இறக்கைக்கும் பிளாஸ்டிக் சிமென்ட். டமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணியாக இருப்பது நல்லது. இது ஒட்டுவதில்லை, இரண்டு ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் தானே ஓடிப் பரவும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலை. ஃபெவிக்விக் அவசரத்துக்கு மட்டும், கண்ணாடிப் பாகத்துக்குக் கிட்டேயே போகக்கூடாது. அதன் ஆவி பட்டால் ஜன்னல் வெள்ளையாகப் பூத்துவிடும். ஹெர்குலிஸ் விமானியறையைச் சுற்றி எத்தனை ஜன்னல் இருக்கிறது என்று எண்ணிப் பார், அப்புறம் நீயே ஃபெவிக்விக்கைத் தூரப் போடுவாய். அங்கே சாதா வெள்ளை ஃபெவிகால் தொட்டு வை. காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது, வழிந்ததை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

உடம்பின் இரண்டு பாதியையும் மூடுவதற்கு முன் மூக்கில் பாரம் வைத்தாயா? மூக்குச் சக்கர விமானத்தில் இதை மறந்தால் வால் தரையில் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெர்குலிஸுக்கு வால் பெரிது, தாராளமாகவே வை. தூண்டில் ஈயக்குண்டு வைக்கச் சிலர் சொல்வார்கள். ஈயத்தை ஃபெவிகாலில் பதித்தால் நாளாக நாளாக இரண்டும் வினை புரிந்து, ஈயம் பூத்து ஊதி, மூக்கையே பிளந்துவிடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு பால்ஸ் பத்து ரூபாய்க்கு வாங்கி எம்-சீலில் பதித்துவிடு. காசும் மிச்சம், கையில் ஈயமும் படாது. உடம்பு, இறக்கை, சக்கரம் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துக்கட்டி, நிற்கிறதா என்று பார்த்த பிறகே மூடு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். தரையில் நிற்கிற விமானத்தின் பிளேடு எப்படித் திரும்பியிருக்கும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. கிட்டோடு வரும் குறிப்புத்தாள் இதை எல்லா நேரமும் சொல்லித் தராது. சில டர்பைன்களில் காற்றை அமுக்குகிற பகுதி தனி அச்சில் சுற்றும், புரொப்பெல்லரைச் சுற்றுகிற பகுதி தனி அச்சில் சுற்றும். நம் பயிற்சி விமானம் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2-வின் பிடி6 இன்ஜின் இந்த ரகம். ஹெர்குலிஸ் ஜே-யின் ஏஇ2100-ம் இதே ரகம். இவற்றை அணைத்ததும் பிளேடுகள் விளிம்பு முன்னால் தெரியும்படி திரும்பிவிடும். எதிரே நின்று பார்த்தால் ஒல்லிக் கோடாகத்தான் தெரியும். இதை ஃபெதர் ஆவது என்பார்கள்.

இன்னொரு ரகத்தில் எல்லாம் ஒரே அச்சு. கார்ரெட் என்று பிறந்து பிறகு ஹனிவெல் ஆன டிபிஇ331 அப்படி. நம் டார்னியர் 228-இல் இருப்பது, பெங்களூரு எச்ஏஎல் உருவாக்கி 2016 மே 31-இல் முதன்முதலாகப் பறந்த எச்டிடி-40 பயிற்சி விமானத்தில் இருப்பது, பிரிட்டிஷ் டுகானோவில் இருப்பது எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஃபெதர் ஆகிக் கிடந்தால் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது காற்றின் தடை முழுவதும் அந்த ஒற்றை அச்சின் மேல் விழும். அதனால் அணைக்கும்போதே பிளேடுகளைத் தட்டையாக நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். எதிரே நின்றால் பிளேடின் முழு அகலமும் தெரியும். பழைய ஹெர்குலிஸ் எச்-உம் அணைந்து நிற்கையில் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே டுகானோவுக்குத் தட்டை, ஜே-க்கு விளிம்பு. மாற்றிச் செய்தால் விமானப்படை ஸ்டேஷனில் வேலை பார்த்த எந்த மாமாவும் கண்டுபிடித்துவிடுவார்.

அசலைப் பார்க்க வழி இருந்தால் விடாதே. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியாவுக்குப் போனால், முழு விமானத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வராதே. புரொப்பெல்லரை நேர் எதிரே நின்று ஒன்று, பக்கத்தில் நின்று ஒன்று, சக்கரக் குழிக்குள் ஒன்று, புகை போக்கியின் பின்னால் கறை எப்படி ஓடுகிறது என்று ஒன்று. இந்த நாலு படம் போதும். பெங்களூரில் எச்ஏஎல் அருங்காட்சியகமும் இருக்கிறது, தகட்டு இணைப்பும் ரிவெட்டும் அசலில் எவ்வளவு அடக்கமாகத் தெரிகின்றன என்று கிட்டப் போய்ப் பார்க்க அதைவிட நல்ல இடம் நம் பக்கம் இல்லை.

ஆறு பிளேடை ஒரே கோணத்தில் ஒட்டுவது எப்படி? ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை எடு. கெட்டி அட்டையில் வட்டம் போட்டு 60 பாகைக்கு ஒரு கோடு இழு. நடுவில் குண்டூசி குத்தி அதில் ஹப்பை நிறுத்தி, கோட்டின் மேல் பிளேடு படுகிற மாதிரி ஒவ்வொன்றாக வை. டுகானோவுக்கு நான்கு பிளேடு, 90 பாகை. ஜே-யின் பிளேடு நேராக இருக்காது, அரிவாள் போல வளைந்திருக்கும். நான்கு இன்ஜினிலும் ஒரே திசையில்தான் சுற்றும், வளைவும் நான்கிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி ஒட்டினால் பசை காய்ந்த பிறகுதான் கண்ணில் படும், எனவே நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். இன்ஜினோடு ஒட்டிவிடாதே. தீர்ந்த பேனா ரீஃபில் குழாயில் சின்னத் துண்டு வெட்டி இன்ஜினுக்குள் செருகி, அதில் புரொப்பெல்லர் தண்டை மாட்டினால் போடலாம், எடுக்கலாம். ஓடுகிற மாதிரி காட்ட பிளேடை வெட்டிவிட்டு ஓஎச்பி ஷீட்டில் வட்டம் ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது.

பெயின்ட். ஐப்பசி மழையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதே. ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் நாளில், 20-25 சென்டிமீட்டர் தள்ளி, பூந்தூறலாக இரண்டு மூன்று தடவை. கைப்பிரஷ் என்றாலும் அதே நியாயம்தான்: தண்ணியாகக் கலந்து மெல்லிய பூச்சு, காய விட்டு இன்னொன்று. நம் ஹெர்குலிஸ் சாம்பல் நிறம் என்பது உனக்கு அதிர்ஷ்டம். வெள்ளையும் மஞ்சளும் பிரஷ்ஷுக்கு அடங்காத கலர்கள்.

தண்ணீரில் ஒரு சூட்சுமம். நம் போர்வெல் தண்ணி உப்பு. அதில் டெக்காலை, அதாவது சின்னங்கள் அச்சடித்த ஒட்டுத் தாளை, ஊறப்போட்டால் காய்ந்ததும் சுற்றிலும் வெள்ளைத் திட்டு நிற்கும். பேட்டரி கடையில் விற்கும் பேட்டரி தண்ணியை ஒரு பாட்டில் வாங்கி வை, தண்ணீரில் கரையும் பெயின்ட்டைக் கலக்கவும் அதுவே ஆகும். டெக்கால் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மினுங்கும்.

வெளிநாட்டு கிட்டில் இந்திய வட்டம் இல்லாமல் போகலாம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இதை நீயே பிரின்ட் எடுப்பதாக இருந்தால் வெள்ளை டெக்கால் தாள் வாங்கு. பிரின்டருக்கு வெள்ளை மை கிடையாது, கண்ணாடித் தாளில் எடுத்தால் வெள்ளை வளையம் சாம்பலாகத் தெரியும். இன்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடுவதற்கு முன் கிளியர் ஸ்ப்ரே அடித்துவிடு, இல்லாவிட்டால் காவி ஓடிப் பச்சையில் கலக்கும்.

அழுக்கு பூசுவதற்கு முன், உன் விமானம் எங்கே இறங்கி வந்தது என்று முடிவு செய். 2013 ஆகஸ்ட் 20-இல் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில் இறங்கியதா? அங்கே தார் போட்ட ஓடுதளம் இல்லை. சக்கரத்துக்கும் வயிற்றுக்கும் வெளிறிய மண் தூசு வேண்டும். 2023 ஏப்ரலில் சூடானின் வாடி சய்யிட்னாவில் ராத்திரி இறங்கி 121 பேரைக் கூட்டி வந்ததா? அது பாலைவன மண், கொஞ்சம் செம்மை தட்டலாம். தில்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்தில் கழுவி நிறுத்தியதா? அப்படியென்றால் புகை போக்கியின் பின்னால் மட்டும் லேசாகக் கரி. பென்சில் ஊக்கை வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுத்த தூளை ஐ-ஷேடோ ஸ்பான்ஜால் முன்னிருந்து பின்னாகத் தடவு, காற்று ஓடுகிற திசை அதுதான். போதும் என்று தோன்றுவதற்கு ஒரு தடவல் முன்னால் நிறுத்து.

அப்புறம், பெங்களூரில் நண்பனுக்குக் காட்ட பஸ்ஸில் எடுத்துப் போவாய், எனக்குத் தெரியும். நான்கு புரொப்பெல்லரையும் கழற்றி மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள், எது எந்த இன்ஜினுக்கு என்று தண்டில் புள்ளி வைத்து. விமானத்தை மடியில் வை. மேலே லக்கேஜ் தட்டில் வேண்டாம்.