தொண்டரும் தூதரும்

தூது என்றவுடன் அரசவையும் முத்திரையோலையுமே நினைவிற்கு வருகின்றன. எனினும், விடுமுறையிற் கிராமத் தொண்டிற்குச் செல்லும் நாம் நாள்தோறும் செய்வதும் தூதே. தெருவாரின் குறையை ஊராட்சித் தலைவரிடமும், அவர் தரும் விடையைத் தெருவாரிடமும் கொண்டு செல்கின்றோம் அல்லவா?

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதர் தாமே வகுத்துக் கூறுவாரும் பிறர் கூறியது கூறுவாரும் என இருவகையினர் என்றார். தொண்டர்க்கு இதனினும் பயனுடைய பாகுபாடு பிறிதில்லை என்பது எம் கருத்து. கூறியது கூறச் சென்ற மாணாக்கர் ஒருவர், தெருவாரின் முகவாட்டங் கண்டு மனமிரங்கி, "அடுத்த வாரமே குழாய் வந்துவிடும்" என்று உரைத்துத் தம் விடுதிக்குத் திரும்பிவிடுவார். குழாய் வாராதபோது வசைக்கு ஆளாகிறவர் அவ்வூரிலேயே வாழும் ஊராட்சி உறுப்பினர். மறுமுறை செல்லுங்கால் அவர் முகங் கொடாமை வியப்பன்று.

வகுத்துக் கூறும் உரிமை பெற்றவர்க்கோ வேறொரு கடமை உண்டு. ஒருவர் கேட்கும் பொருளோடு நில்லாது, அதனை ஏன் கேட்கிறார் என்று ஆராய்தல் வேண்டும். அயல்நாட்டுச் சான்றொன்று கூறுவோம். 1967ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் கைப்பற்றிய சீனாய்த் தீபகற்பம் முழுவதையும் எகிப்து திருப்பிக் கேட்டது. இஸ்ரேலோ அதில் ஒரு பகுதியையேனும் வைத்துக்கொள்ள விரும்பிற்று. நிலத்தை எங்ஙனம் பங்கிடினும் உடன்பாடு இல்லை. 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் கார்ட்டர், எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் காம்ப் டேவிட் என்னும் ஓய்விடத்திற்கு அழைத்து, 13 நாள் பேசினார். எகிப்து வேண்டியது தன் மண். இஸ்ரேல் வேண்டியது, தன் எல்லையருகே பகைப்படை நில்லாமை. ஆகவே நிலம் எகிப்திற்கு எனவும், அதன் பெரும்பகுதியிற் படை குறைக்கப்படும் எனவும் முடிவாயிற்று. பாலஸ்தீனர் வழக்கு ஆங்குத் தீர்ந்திலது என்பதும் உண்மையே.

நம் சிற்றூர்களில் மேலத்தெருவாரும் கீழத்தெருவாரும் குழாய் தத்தம் தெருவிலேயே வேண்டுமென மாறுபடுவர். இருசாராரையும் தனித்தனியே வினவுக. ஒருசாரார்க்குத் தொலைவே இடராயிருக்கும். மறுசாரார்க்கு, விடியுமுன் பெண்டிர் இருளில் நடக்கவேண்டியிருத்தல். அங்ஙனமாயின் ஒரு விளக்குக் கம்பம் பாதி வழக்கைத் தீர்க்கும்.

ஆனால், ஒரு சாதியார் தொட்ட குழாயைத் தாம் தொடோம் என்பதே காரணமாயின், ஆங்கு இடைவழி தேடற்க. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு பேரத்திற்கு உரியதன்று. அப்பொழுது நாம் செல்லவேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம்.