ஒரே யந்திரத்தில் இரு தொழில்கள்
கூட்டுக் கடைசல்–மில்லிங் யந்திரத்தில் ஆரம்பப் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அமைந்துள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் இருந்தது. ஆயினும், எல்லைக்கு இருபுறமுள்ள கிராமங்களிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. இருபுறமும் ரப்பர் பயிராகிறது.

ரப்பர்ப் பாலை உறையவைத்து, உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தி ஷீட்டாக்குவது இங்குள்ள சிறு விவசாயியின் அன்றாட வேலையாகும். உருளையைச் சுழற்றும் அச்சு தேய்ந்தோ ஒடிந்தோ போனால் வேலை நின்றுவிடும். உறைந்த பாலைக் காலத்தில் ஷீட்டாக்காவிடில் அதற்குக் குறைந்த விலையே கிடைக்கும். ஆகவே, பக்கத்திலுள்ள கடைசல் பட்டறையில் அச்சு எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் செய்யப்படுகிறது என்பது அக்குடும்பத்தின் வருமானத்தைப் பாதிக்கும் விஷயமாகும்.

அத்தகைய அச்சுக்கு இருவித வேலை தேவைப்படுகிறது. முதலாவது, தண்டை உருட்டையாகக் கடைதல். இரண்டாவது, பற்சக்கரத்தை அச்சுடன் பிணைக்கும் சிறு இரும்புத் துண்டாகிய கீ பொருந்துவதற்கு நீண்ட பள்ளம் வெட்டுதல். முன்னது கடைசல் யந்திரத்தின் வேலை. பின்னது மில்லிங் யந்திரத்தின் வேலை. 1950ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி, தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர் தொழிலும் மெஷினிஸ்ட் தொழிலும் தனித்தனியே இரண்டாண்டுப் படிப்புகளாக உள்ளன. இப்பகுதியில் தனுவச்சபுரத்திலும் அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால், ஒருவரே நடத்தும் கிராமப் பட்டறையில் டர்னரும் மெஷினிஸ்டும் ஒரே ஆள்தான். இடமும் முதலும் குறைவாக உள்ள அத்தகைய பட்டறைக்கெனவே கூட்டு யந்திரம் அமைந்திருக்கிறது.

யந்திரத்தின் அமைப்பு

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1800ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த திருகு வெட்டும் கடைசல் யந்திரத்தின் அடிப்படை அமைப்பே இன்றும் நிலைத்திருக்கிறது. நீண்ட படுகையின் இடப்புறம் தலைப்பகுதி உள்ளது. அதில் சுழலும் ஸ்பிண்டிலின் முனையிலுள்ள சக், தண்டைக் கவ்விப் பிடிக்கிறது. வலப்புறத்தில் டெயில்ஸ்டாக் தண்டின் மறுமுனையைத் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே காரியேஜ் படுகையின் நீளவாக்கில் நகர்கிறது; அதன்மேல் கிராஸ் ஸ்லைடு குறுக்கே நகர்கிறது; அதில் உளி பொருத்தப்படுகிறது.

கூட்டு யந்திரத்தில் இவற்றுடன் ஒரு தூணும், அதன்மேல் மில்லிங் தலையும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் எம்கோ நிறுவனம் மாக்ஸிமாட் என்னும் பெயரில் செய்த யந்திரங்கள் இவ்வகைக்கு நல்ல உதாரணமாகும். மில்லிங் செய்யும்பொழுது உளியைக் கழற்றிவிட்டு, கிராஸ் ஸ்லைடின் மேல் வைஸ் ஒன்றைப் பூட்ட வேண்டும். அப்பொழுது கிராஸ் ஸ்லைடே மேசையாகிறது. காரியேஜ் நீளவாக்கிலும் கிராஸ் ஸ்லைடு குறுக்குவாக்கிலும் பொருளை நகர்த்துகின்றன. மேலிருந்து இறங்கும் கட்டர் ஆழத்தைத் தருகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கூட்டு யந்திரம் என்பது அருகருகே நிற்கும் இரு யந்திரங்கள் அன்று. ஒரே படுகையையும் ஒரே திருகுகளையும் இரு தொழில்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. எனவே படுகையில் அழுக்கோ தளர்ச்சியோ இருந்தால் இரு வேலைகளும் கெடும். கடைசலை நன்கு கற்காமல் மில்லிங்குக்குத் தாவுகின்றவர் இரண்டிலும் தேர்ச்சி பெறுவதில்லை.

வேகக் கணக்கு

உளியின் எஃகுக்கும் வெட்டப்படும் உலோகத்துக்கும் ஏற்ற வெட்டு வேகம் உண்டு. அதிவேக எஃகு உளியால் மென்னிரும்பைக் கடைய, நிமிடத்திற்கு 25 மீட்டர் எனக் கொள்ளலாம். இதை 1000ஆல் பெருக்கி, விட்டத்தை 3.14ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 28 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்கு இது ஏறத்தாழ 284 சுற்றுகளாகும். யந்திரத்தில் அவ்வேகம் இல்லையெனில் அதற்கு அடுத்த குறைந்த வேகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மில்லிங்குக்கும் இதே கணக்குத்தான். ஆனால் எந்த விட்டத்தைக் கொள்வது என்பதில் ஆரம்பநிலை மாணவர் தடுமாறுகிறார். சுழல்வது எதுவோ, அதன் விட்டத்தையே கொள்ள வேண்டும். கடைசலில் சுழல்வது தண்டு. மில்லிங்கில் சுழல்வது கட்டர். சிறு யந்திரம் அதிர்ச்சியைத் தாங்காது என்பதால் வெட்டு வேகத்தை 20 மீட்டராகக் குறைத்துக்கொண்டால், 8 மி.மீ. கட்டருக்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் வரும். கடைந்த வேகத்திலேயே மில்லிங்கையும் தொடங்கினால் கட்டர் மெதுவாகச் சுழலும். அதே நகர்வில் ஒவ்வொரு பல்லும் அளவுக்கு மீறி வெட்ட நேர்ந்து கட்டர் ஒடியக்கூடும்.

அச்சைக் கடைதல்

28 மி.மீ. தண்டை 25 மி.மீ. அச்சாகக் கடைவதாகக் கொள்வோம். உளியின் முனை ஸ்பிண்டிலின் மையத்துக்கு நேராக இருத்தல் அவசியம். டெயில்ஸ்டாக்கின் கூர்முனையோடு ஒப்பிட்டு இதைச் சரிபார்க்கலாம். தண்டு சக்கிலிருந்து அதிகமாக வெளியே நீண்டிருந்தால் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கின் தாங்குதல் வேண்டும். இல்லையேல் உளி அழுத்தும்பொழுது தண்டு வளைந்து, வெளிமுனை பருத்துவிடும்.

விட்டத்தில் 1 மி.மீ. வீதம் இருமுறை கடைந்து, மூன்றாம் முறை 25.4 மி.மீ. அளவில் நிறுத்தி, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே எஞ்சிய 0.4 மி.மீ. கடைசி வெட்டில் எடுக்கப்படும். அளந்து பார்க்க இடம் வைத்து வெட்டுவதே நல்ல பழக்கம். உலோகத்தை வெட்டி எடுக்கலாம், வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது.

அளவு வளையம் தரும் ஏமாற்றம்

கூட்டு யந்திரத்திற்கே உரிய தவறு ஒன்று உண்டு. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் அளவு குறித்த வளையம் உள்ளது. உளி 0.5 மி.மீ. உட்புகுந்தால் தண்டின் விட்டம் 1 மி.மீ. குறையும். சில யந்திரங்களின் வளையம் உளி நகர்ந்த தூரத்தைக் காட்டும். வேறு சிலவற்றின் வளையம் விட்டம் குறையும் அளவைக் காட்டும். கடைசலுக்குப் பின்னது வசதியானது. ஆனால் மில்லிங்கின்போது அதே வளையம் உண்மையான நகர்வைப்போல் இரு மடங்கைக் காட்டும்.

தண்டின் நடுக்கோட்டின் மேல் கீ பள்ளம் வெட்டும் முறையைக் கவனிப்போம். வைஸின் அசையாத தாடை படுகைக்கு இணையாக இருக்கிறதா என்று டயல் இண்டிகேட்டரால் பார்த்த பின்னர், அச்சை அதில் படுக்கவைத்து இறுக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கட்டருக்கும் அச்சின் பக்கத்துக்கும் இடையே 0.1 மி.மீ. கனமுள்ள தாளை வைத்து, கட்டரைக் கையால் பின்புறமாகத் திருப்பியவாறு, தாள் பிடிபடும் வரையில் கிராஸ் ஸ்லைடை நெருக்க வேண்டும். பிறகு கட்டரை மேலே உயர்த்தி, அச்சின் பாதி விட்டமாகிய 12.5, கட்டரின் பாதி விட்டமாகிய 4, தாளின் கனமாகிய 0.1 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 16.6 மி.மீ. நகர்த்தினால் கட்டர் நடுக்கோட்டுக்கு நேரே நிற்கும்.

வளையம் விட்ட அளவு காட்டுவதாயின் அதில் 33.2 என எண்ண வேண்டும். 16.6 என்றே எண்ணினால் மேசை 8.3 மி.மீ. மட்டும் நகரும், பள்ளம் அச்சின் தோளில் விழும், கடைந்த உழைப்பு முழுதும் வீணாகும். இதைத் தவிர்க்கும் சோதனை எளிது. முதல் நாளன்றே ஒரு பழைய தண்டில் வளையப்படி 0.5 மி.மீ. செலுத்திக் கடைந்து, விட்டத்தை அளக்க வேண்டும். விட்டம் 1 மி.மீ. குறைந்தால் வளையம் நகர்வைக் காட்டுகிறது, 0.5 மி.மீ. மட்டும் குறைந்தால் விட்டத்தைக் காட்டுகிறது. முடிவைத் தடித்த எழுத்தில் எழுதி யந்திரத்தின் மேல் ஒட்டிவைப்பது நலம்.

திருகிலுள்ள சிறு தளர்ச்சியையும் நினைவில் கொள்ள வேண்டும். குறித்த அளவைத் தாண்டிவிட்டால், சிறிதளவு பின்னே திருப்பினால் போதாது. ஒரு முழுச் சுற்று பின்வாங்கி, மீண்டும் அதே திசையிலிருந்து வந்து சேர வேண்டும்.

25 மி.மீ. அச்சுக்குரிய வழக்கமான கீ 8 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் கொண்டது, அச்சில் அதன் பள்ளம் 4 மி.மீ. ஆழம். கிராஸ் ஸ்லைடை இறுகப் பூட்டிவிட்டு, ஒரு தடவைக்கு 0.5 மி.மீ. ஆழமாக எட்டுத் தடவைகளில் காரியேஜை நகர்த்தி வெட்டலாம். உருண்டைத் தூண் கொண்ட யந்திரமாயின், மையம் கண்ட பின்னர் தூணின் பூட்டைத் தளர்த்தலாகாது. தளர்த்தினால் தலை பக்கவாட்டில் திரும்பி, கண்ட மையம் பிசகும். ஆகையால் தலையின் உயரத்தை முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும்.

அபாயங்கள்

வேட்டி, தோள்துண்டு, தாவணி, கைக்கயிறு, மோதிரம் ஆகியவை சுழலும் யந்திரத்தருகே ஆகா. கையுறையும் அணியலாகாது, அது சிக்கினால் கையையும் இழுத்துச் செல்லும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு யந்திரத்தை ஓட்டினால் அது பாய்ந்து வந்து தாக்கும். சாவி சக்கில் இருக்கும்வரை கை அதைவிட்டு அகலக்கூடாது என்பதே விதி. உலோகச் சுருளை யந்திரம் நின்ற பின்னர் கொக்கியாலோ தூரிகையாலோ நீக்க வேண்டும். கண்ணாடி இன்றியமையாதது. கூட்டு யந்திரத்தில் இன்னும் ஒரு கவனம் தேவை: விசையை அழுத்துமுன், இரண்டு ஸ்பிண்டில்களுள் எது சுழலப்போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

எல்லைக் கிராம மாணவர் பள்ளியில் ஒரு மொழியிலும் வீட்டில் மற்றொரு மொழியிலும் பேசுபவராக இருக்கலாம். பட்டறையிலோ உறுப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பெயரை மனப்பாடம் செய்விப்பதைவிட, உறுப்பைத் தொட்டு, அதை நகர்த்தி, அது செய்யும் வேலையை அவரவர் தாய்மொழியில் சொல்லச் செய்வது பயனுள்ளது.

முதலில் யந்திரத்தைத் துடைத்து எண்ணெயிடல், அடுத்து அளத்தல், பின்னர் முகம் சீவல், உருட்டைக் கடைசல், அதன்பின் அளவு வளையச் சோதனை, இறுதியில் மில்லிங் என்ற வரிசை பொருத்தமானது. எண்ணெயிடுதலை அற்பமெனக் கருதலாகாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெறும் இப்பகுதியின் ஈரக்காற்றில் துடைக்காத படுகை விரைவில் துருவேறும்.

தேர்வாக ஒரே வேலையைக் கொடுக்கலாம்: பழுதான உருளை ஒன்றின் அச்சைப் புதிதாகச் செய்தல். கீ பள்ளத்தில் இறுக்கமாக அமர்ந்து, பற்சக்கரம் மெல்லிய தட்டலில் அச்சின்மேல் ஏறி, உருளை தடையின்றிச் சுழலுமானால் மாணவர் தேறிவிட்டார். மறுநாட் காலையில் அவ்வுருளையிலிருந்து வெளிவரும் ஷீட்டே அவருக்குரிய நற்சான்றாகும்.