நாய்க்கு ஒரு வேடம்

அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் நாள் ஹாலோவீன். அன்று மாலை சிறுவர்கள் பேயாகவும் பூதமாகவும் வேடம் புனைந்து, வீடுதோறும் சென்று மிட்டாய் கேட்பர். வீட்டு நாய்க்கும் வேடம் தைத்து அணிவிப்போர் அங்குப் பலர். இதில் நமக்கென்ன பாடம் என்பீர்கள். அணிபவர் பேச இயலாதபோது எப்படித் தைப்பது என்னும் பாடம் உண்டு என்பேன் நான்.

முதலில் அளவு. கழுத்தின் சுற்றளவு, முன்னங்கால்களை ஒட்டிய மார்பின் சுற்றளவு, கழுத்தடி முதல் வாலடி வரை முதுகின் நீளம் ஆகிய மூன்றும் வேண்டும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரு விரல் நுழையட்டும்.

கறுப்பு ஃபெல்ட் துணியை நான் தேர்வேன். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. முதுகை மூடும் துண்டொன்று, அதன் இருபுறமும் சிறகு, கழுத்துக்கும் மார்புக்கும் இரு பட்டைகள். வௌவால் வேடம் ஆயிற்று!

பொத்தான் வேண்டா, நாய் கடித்து விழுங்கக்கூடும். வெல்க்ரோ தைக்கலாம். 1941-இல் சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் தம் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைக் கண்டதில் பிறந்த பொருள் அது. ஆதலால் அதன் கொக்கிப் பக்கம் நாயின் உடலை நோக்கலாகாது. மயிரைப் பற்றி இழுக்கும்.

நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே வாயைக் கட்டாதீர்கள். கண்ணையும் காதையும் மூடாதீர்கள். அணிவித்தபின் நடக்கவிட்டுப் பாருங்கள். வாலைக் காலிடுக்கில் செருகி உறைந்து நின்றால் உடனே கழற்றிவிடுங்கள். வாயில்லா உயிர் ‘வேண்டா’ என்று சொல்லும் முறை அதுவே.