அந்த மரம் அசோகம் அல்ல

கேள்வி: எனக்கு வயது 43. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது. அசோகப்பட்டைக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார் மாமியார். எங்கள் புளோக்கின் பின்னால் அசோக மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதிலேயே கொஞ்சம் பட்டை உரித்துக்கொள்ளலாமா? இல்லை, தேக்கா நாட்டு மருந்துக் கடையில் வாங்கட்டுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: உரிக்காதீர்கள் அம்மா. பொது இடத்து மரத்தில் கத்தி வைப்பது குற்றம். அதோடு, நெட்டையாக ஒடுங்கி வளர்ந்து, ஓரம் நெளிந்த இலைகளைத் தொங்கவிட்டிருந்தால் அது நெட்டிலிங்கம். ஊரில் பலரும் அதைத்தான் அசோகமரம் என்கிறார்கள்.

சீதை சிறையிருந்த வனத்துக்குப் பெயர் தந்த அசோகம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், ஓடைக் கரைகளில் நிழலை விரும்பி வளர்வது. தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பூங்கொத்து ஆரஞ்சாக மலர்ந்து, நாளாக ஆகச் சிவக்கும். இதழ்போலத் தெரிவது உண்மையில் புல்லி. அந்தப் பூவுக்கு அல்லியிதழே கிடையாது. மன்மதனின் ஐந்து கணைகளில் ஒன்று அது. வங்காளத்தில் அசோக சஷ்டியன்று பெண்கள் அதன் மொட்டை உண்பார்கள்.

உங்கள் மாமியார் சொல்வது பழைய வழக்கம்தான். பட்டையைப் பாலும் நீரும் சேர்த்து, பால் மட்டும் மிஞ்சக் காய்ச்சிப் பெரும்பாட்டுக்கு, அதாவது அதிக உதிரப்போக்குக்கு, கொடுப்பார்கள். அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தும் இந்தப் பட்டையில்தான் செய்யப்படுகிறது. அந்தப் புகழே மரத்துக்கு எமனாகிவிட்டது. இலை சமைக்கும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தால் வேர் பட்டினியில் சாகும். காட்டில் இப்படி உரித்து உரித்தே மரங்கள் குறைந்தன. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. சரக்கு அருகியதும் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது வாடிக்கையாயிற்று. பொட்டலத்தில் இருக்கும் காய்ந்த துண்டைப் பார்த்து எது எதுவென்று சொல்வது பழகிய கண்ணுக்கே கடினம். ஆகவே, எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாத பட்டையை வாங்காதீர்கள். காட்டு மரத்தை உரித்து வந்ததாக இருந்தால், அசலானாலும் வேண்டாம்.

மரத்தின் அழகைப் பார்க்க ஆசையா? அசோகத்தின் தங்கையான மஞ்சள் அசோகம் நம் சிங்கப்பூர்ப் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், இருக்கிறது. மலேசியாவின் தைப்பிங் ஊர்ப்பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய மரம். கிளையையும் தண்டையும் ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒன்று. இந்த வயதில் அதிக உதிரப்போக்குக்குக் கருப்பைக் கட்டியோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம், ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாமல், இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.