நடையும் நற்கூலியும்

முன்னுரை

உடல்நலம் பேணுதல் தனிமனிதனின் கடமையா, ஊரின் கடமையா என்னும் வினா பழமையானது. இன்று அவ்வினா புதிய உருவில் நம்முன் நிற்கிறது. வீட்டைவிட்டு வெளியே வந்து நடப்பவர்க்கும், மரம் நடுபவர்க்கும், நீர்நிலையைத் தூய்மை செய்பவர்க்கும் பரிசு வழங்கினால் மக்கள் நலமும் ஊர்நலமும் ஒருங்கே வளரும் என்னும் கருத்து, உலக நாடுகள் சிலவற்றில் திட்டமாகவே செயல்பட்டுள்ளது. அக்கருத்து நம் மண்ணுக்கு ஏற்றதா, ஏற்றதாயின் எவ்வகைப் பரிசு நிலைத்த பயன் தரும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு இன்று தேவை மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த பேராய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையவர்கள். தமிழ்நாட்டில் அந்நோயுடையோர் நூற்றுக்கு 14 பேருக்கும் மேல். 2024-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றும், ஆடவரினும் பெண்டிரே இதில் மிகுதி என்றும் கூறுகிறது. உலக நல நிறுவனம் வயதுவந்தோர்க்கு வகுத்துள்ள அளவு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமேயாகும். நாளொன்றுக்குப் பகிர்ந்தால் அரைமணி நேரமும் ஆகாது. அந்த அரைமணியைக்கூட நம்மால் ஏன் ஒதுக்க இயலவில்லை?

சொல்லும் பொருளும்

பரிசைப் பற்றிப் பேசப் புகுமுன், அதனைக் குறிக்கும் சொற்களை நோக்குவோம். செய்த வேலைக்குப் பேசிய அளவில் தருவது கூலி. திறமை கண்டு மகிழ்ந்து தருவது பரிசு. பழந்தமிழில் இது பரிசில் எனப்பட்டது. வெகுமதி, சன்மானம் என்னும் இரண்டும் வடமொழி வழியாக வந்தவை. அவ்விரண்டின் வேர்ப்பொருளும் மதிப்பு என்பதே. கையில் விழும் பொருளைவிட, ஒருவரை ஊரார் மதித்தனர் என்பதே அச்சொற்களின் உயிர். தமிழ் முசுலிம்களின் வழக்கில் நற்கூலி என்றொரு சொல் உண்டு. மனிதரிடம் எதிர்பாராது செய்த நற்செயலுக்கு இறைவனிடம் கிடைக்கும் பயனை அது குறிக்கும்.

ஆக, கூலி வேறு, வெகுமதி வேறு, நற்கூலி வேறு. கூலி நின்றால் வேலையும் நின்றுவிடும். மதிப்பும் நற்கூலியும் அவ்வாறு நிற்பனவல்ல. இந்த வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

நடந்து சென்று பரிசில் பெற்றவர்களின் இலக்கியம் நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கிலும் பொருநரும் பாணரும் கூத்தரும் காடும் மலையும் கடந்து வள்ளல்களை நாடிச் செல்கின்றனர். இவற்றின் சிறப்பு, பரிசில் பெற்றவன் அதனை மறைத்துக்கொண்டு வீடு திரும்பவில்லை என்பதாகும். எதிரே வறுமையுடன் வருகின்ற மற்றொரு கலைஞனைக் கண்டு, வழியையும், வழியில் கிடைக்கும் உணவையும், வள்ளலின் பண்பையும் எடுத்துரைத்து அவனையும் அவ்வழியில் செலுத்துகிறான். ஒருவன் பெற்ற பரிசு மற்றொருவனுக்கு வழியாகிறது. இதுவே ஆற்றுப்படையின் நெறி.

அடிதோறும் நன்மை

இதனோடு ஒத்த சிந்தனையை இசுலாமிய நெறியிலும் காண்கிறோம். மதீனாவில் பனூ சலிமா என்னும் குலத்தார் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்தனர். பள்ளிக்கு அருகில் குடிபெயர அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்கள் எடுத்து வைக்கும் அடிகள் யாவும் நன்மையாகப் பதிவு செய்யப்படுவதாகவும் நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் தருமம் என்றும், ஒருவர் நட்ட மரத்தின் பயனை மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அதுவும் அவருக்குத் தருமமாகும் என்றும் நபிமொழிகள் கூறுகின்றன.

இங்கே நடப்பவர் உடல் உரம் பெறுகிறது. பாதை தூய்மை பெறுகிறது. பின்வருவோர்க்கு நிழல் கிடைக்கிறது. நற்கூலி ஒருவருக்கு, பயனோ ஊருக்கு. நடையை வெறும் உடற்பயிற்சியாக மட்டும் காணாத பார்வை இது.

ஏரியும் குடிமராமத்தும்

ஊர்ப்பணிக்கு ஊரே பரிசளித்த வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. ஏரியைப் பராமரிக்கும் செலவுக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. மடையைத் திறந்து அடைத்து நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையின்போது நெல்லே பங்காக அளக்கப்பட்டது. ஏரியில் அள்ளிய வண்டல் உழவனின் வயலுக்கு உரமாயிற்று. கரையை உயர்த்தியவனுக்கே அக்கரை காத்த நீரிலும் பங்கு கிடைத்தது. பரிசும் பணியும் ஒரே குளத்தில் இருந்தன.

பின்னர் நிலை மாறிற்று. 1858-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் இடர்க்காலத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியவரிடம் பணம் தண்டவும் வழிசெய்தது. மதிப்பால் நடந்த பணி தண்டத்தால் நடக்கும் பணியாகக் கருதப்பட்டது. சட்டம் இருந்தும் குடிமராமத்து நாளடைவில் தேய்ந்தே போயிற்று. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கி அப்பெயரை மீண்டும் உயிர்ப்பித்தபோது, பாசன உழவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என வகுத்தது. அச்சத்தால் மட்டும் ஊர்ப்பணி நிலைக்காது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. பணத்தால் மட்டும் நிலைக்குமா? இதற்கு விடை நம்மவர் பலர் வாழும் ஓர் ஊரிலிருந்தே கிடைத்துள்ளது.

சிங்கப்பூரில் ஒரு சோதனை

கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சிங்கப்பூர் சென்று வேரூன்றிய குடும்பங்கள் பல. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக் 1941-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அந்நகரில் 2015-ஆம் ஆண்டு, அரசின் சுகாதார மேம்பாட்டு வாரியம் நாடு தழுவிய நடைப்போட்டி ஒன்றைத் தொடங்கியது. காலடிகளை எண்ணும் கைப்பட்டை மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நடந்த அளவுக்குப் புள்ளிகளும், புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டுகளும் கிடைத்தன.

அதே நகரில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. 13 நிறுவனங்களின் பணியாளர் 800 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவுக்குக் கருவியோ பரிசோ தரப்படவில்லை. இரண்டாம் குழுவுக்குக் காலடி எண்ணும் கருவி மட்டும். மூன்றாம் குழுவினர் வாரம் 50,000 அடிகளைக் கடந்தால் 15 வெள்ளியும், 70,000 அடிகளைக் கடந்தால் 30 வெள்ளியும் அவர்கள் விரும்பும் அறநிலையத்திற்குச் செல்லும். நான்காம் குழுவினர்க்கு அதே தொகை அவர்கள் கையிலேயே கிடைக்கும்.

ஆறு மாதங்கள் முடிந்தபோது பணம் பெற்ற குழுவே முன்னணியில் இருந்தது. அதன்பின் பரிசு நிறுத்தப்பட்டது. மேலும் ஆறு மாதங்கள் கழித்து நோக்கியபோது, பணம் பெற்றவர்களின் முன்னேற்றம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. முதற்குழுவுக்கும் அவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி மட்டும் பெற்றவர்களும், அறத்துக்காக நடந்தவர்களும் முதற்குழுவைவிட மிகுதியாக இயங்கிக் கொண்டிருந்தனர்.

இவ்வாய்வை உள்ளபடியே சொல்லவேண்டும். ஓராண்டின் முடிவில் பத்தில் ஒருவரே கருவியை அணிந்திருந்தார். எக்குழுவினரின் எடையிலும் இரத்த அழுத்தத்திலும் தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை. அறத்துக்காக நடப்பதே எல்லாவற்றினும் மேல் என்று இதிலிருந்து நிறுவிவிட முடியாது. எனினும் ஒன்று தெளிவு. கையில் விழும் காசு கால்களை விரைவில் எழுப்புகிறது. காசு நின்றதும் கால்களும் ஓய்ந்துவிடுகின்றன. நாம் முன்னர்க் கண்ட கூலி என்னும் சொல்லின் இயல்பு இதுவே.

பீடிச் சுளகின் முன்

இனி நம் பேட்டைக்கு வருவோம். பேட்டை, மேலப்பாளையம் முதலான பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் பல்லாயிரவர். மடியில் சுளகை வைத்து, தலைகுனிந்து, காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் தொழில் அது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கு. அவர்களிடம் சென்று, நாள்தோறும் அரைமணி நடங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. அந்த அரைமணியில் சுற்றாத பீடிக்கு யார் கூலி தருவார்? நடக்க ஏற்ற இடம் எங்கே? பாதுகாப்பான நேரம் எது? இவ்வினாக்களுக்கு விடை கூறாமல் சோம்பல் என்று பழிப்பது அறமாகாது.

தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் வகுக்கப்பட்டன. பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் மாவட்டத்திற்கொரு பாதை, பேட்டைத் தெருவில் சுளகின் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கு எட்டாத தொலைவு. அவளுக்குத் தேவை தெருமுனையிலிருந்து தொடங்கும் பாதை. உடன்வரும் நான்கு தோழியர். வீணாயிற்று என்று எண்ணவிடாத ஒரு பயன்.

நாம் செய்யத்தக்கன

நம் ஊரின் அளவிலேயே தொடங்கத்தக்க சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம்.

முதலாவது, நடைக்கணக்குத் தெருவின் கணக்காக இருக்கட்டும். விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். வாரந்தோறும் ஒரு தெருவார் நடந்த மொத்த மணிகளைக் கூட்டி எழுதுவோம். ஊரின் செல்வர்கள், இத்தனை மணிகள் நிறைந்தால் அத்தெருவுக்கு இது என்று முன்கூட்டியே வாக்களிக்கட்டும். வேப்பங்கன்றுகள், அமரும் பலகைகள், தெருவிளக்கு, படிப்பகத்திற்கு நூல்கள், ஏழை நோயாளிக்கு மருந்து என அது அமையலாம். நடப்பவர் ஒருவர், பெறுவது தெரு. முதியவர் பத்து நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும் என்பதால் எவரும் இதில் தோற்பதில்லை.

இரண்டாவது, பெண்களுக்கென ஒரு நேரமும் இடமும் ஒதுக்கப்பெற வேண்டும். கல்லூரி, பள்ளி ஆகியவற்றின் விளையாட்டுத் திடல்கள் மாலையில் ஒரு மணிநேரம் அவர்களுக்குத் திறக்கப்படலாம். பீடி சுற்றும் பெண் இழக்கும் கூலியை ஈடுசெய்வதும் வாக்களிப்போரின் சிந்தனைக்குரியது. கையில் தரும் காசு பொருந்தும் இடம் இது ஒன்றே; ஏனெனில் இங்கே அது பரிசன்று, இழப்புக்கு ஈடு.

மூன்றாவது, நடையோடு நீரையும் இணைப்போம். சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் நம் பகுதி வழியே செல்கிறது. அதன் கரையில் மாதம் ஒருமுறை நடந்து, நெகிழிக் குப்பையை அகற்றுவது உடலுக்கும் நன்று, கால்வாய்க்கும் நன்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருவெள்ளத்தைக் கண்ட நமக்கு, நீர்வழி அடைபடலாகாது என்பதைப் பிறர் எடுத்துரைக்கத் தேவையில்லை.

நான்காவது மாணவர்க்குரியது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணிநேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் முடித்த மாணவர் சான்றிதழ் பெறுகின்றனர். சான்றிதழுக்காகத் தொடங்குவதில் இழுக்கில்லை. சான்றிதழோடு முடிப்பதே இழுக்கு. அந்த மணிகளில் ஒரு பகுதியைத் தம் சொந்தத் தெருவின் நடைக்குழுவுக்கு அளித்தால், பட்டம் பெற்றபின்னும் அப்பணி தொடரும்.

முடிவுரை

பரிசு தவறன்று, அது தொடக்கத்திற்குத் துணை. ஆயினும் தனியொருவர் பைக்குள் முடியும் பரிசு, பையோடு முடிந்துவிடுகிறது. தெருவின் நிழலாகவும், நோயாளியின் மருந்தாகவும், கால்வாயின் தெளிந்த நீராகவும் மாறும் பரிசே நடப்பவரை மறுநாளும் அழைக்கும். பரிசில் பெற்றவன் மற்றவனுக்கு வழிகாட்டிய ஆற்றுப்படை மரபும், அடிதோறும் நன்மை உண்டென்னும் நம்பிக்கையும், கரை உயர்த்தியவனுக்கே நீரில் பங்களித்த குடிமராமத்தும் இதனையே கூறுகின்றன.

ஊரின் பெரியோர்கள் வாக்களிக்க முன்வரட்டும். ஆசிரியப் பெருமக்கள் திடலைத் திறக்கட்டும். மாணவச் செல்வங்கள் குறிப்பேட்டைக் கையிலெடுக்கட்டும். வரும் வெள்ளிக்கிழமை அசருத் தொழுகைக்குப்பின் முதல் தெருவின் முதல் மணியை எழுதத் தொடங்குவோமாக!