அளந்து எழுதத் தெரிந்தவருக்கு ஆலையில் வேலை உண்டு

தேங்காயும் நெல்லும் விளையும் தென்மராட்சியில் எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, மரஆலை என எதுவானாலும் மோட்டாரை நம்பியே ஓடுகிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் உள்ளே வந்ததும் மின்னியலாளரின் பொறுப்பும் கூடிவிடுகிறது. இயந்திரம் ஆளை அடிக்காமல் ஓடுகிறதா, பக்கத்துக் கருவியைக் குழப்பாமல் ஓடுகிறதா என்று அளந்து, எழுதி, கையொப்பமிட ஒருவர் வேண்டும். கொடிகாமத்தில் மின்வேலை பழகும் நீங்கள் அந்த ஒருவராகலாம்.

முதலில் உயிர்

இயந்திரங்களின் மின்பகுதிக்கான சர்வதேசத் தரநியமம் ஐஇசி 60204-1. அதில் மூன்று சோதனைகளை முதலில் பழகுங்கள்.

1. எர்த் தொடர்ச்சி: மோட்டார் உடல், பெனல் கதவு, இயந்திரச் சட்டம் எல்லாம் பிரதான எர்த் முனையோடு சேர்ந்திருக்க வேண்டும்.

2. காப்புத் தடை: மெகரில் 500 வோல்ட் கொடுத்து அளந்தால் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. அளக்கமுன் இன்வேர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது பழுதாகலாம்.

3. மிஞ்சும் மின்னழுத்தம்: மெயினை நிறுத்திய 5 வினாடிக்குள் 60 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். ஆனால் இன்வேர்ட்டரின் கெப்பாசிற்றர் இறங்க நிமிடக்கணக்காகும். அப்படியான இடத்தில் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியையும் மறக்க வேண்டாம். மணல் நிலம் காய்ந்தால் அதன் தடை ஏறும். மாரியில் நல்ல அளவு வந்தது என்று விட்டுவிடாமல் ஆடி, ஆவணியிலும் அளந்து பாருங்கள்.

அடுத்தது இடையூறு

இன்வேர்ட்டர் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்தத் துடிப்பு மோட்டார் கேபிள் வழியே கசிந்தால் டிஜிட்டல் தராசின் எண் ஆடும். சென்சர் பொய் சொல்லும். இயந்திரம் பிறவற்றைக் குழப்பாமலும் தான் குழம்பாமலும் இருப்பதுதான் மின்காந்த இணக்கம். இன்வேர்ட்டர்களுக்கு இதை வகுப்பது ஐஇசி 61800-3.

பெரும்பாலான குழப்பம் வயறிங்கிலேயே தீரும். மோட்டாருக்குக் கவசக் கேபிள் போடுங்கள். கவசத்தை முறுக்கி வாலாகக் கட்டாமல் சுற்றுமுழுதும் உலோகக் கிளம்பால் இறுக்குங்கள். சென்சர் வயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் விடாதீர்கள்.

இரண்டும் மோதும் இடம்

இடையூறை அடக்கப் போடும் பில்டர், கொஞ்ச மின்சாரத்தை எப்போதும் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுவதுபோல் தோன்றும். சிலர் சுவிட்சைக் கழற்றிவிடுவார்கள். வேறு சிலர் எர்த்தையே வெட்டிவிடுவார்கள். எர்த் இல்லாத பில்டர் இயந்திரத்தின் உடலுக்கே மின்சாரத்தை ஏற்றிவிடும். தொடுபவர் உயிர் போகக்கூடும். கசிவு 10 மில்லிஅம்பியரைத் தாண்டினால் எர்த் வயர் 10 சதுர மில்லிமீற்றர் செம்பாக இருக்கட்டும், அல்லது இரண்டாவது எர்த் வயர் ஓடட்டும். ட்ரிப் சுவிட்சையும் இன்வேர்ட்டருக்கு ஏற்ற வகையாகத் தெரிவு செய்யுங்கள். பாதுகாப்பும் இணக்கமும் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முத்திரை மட்டும் போதாது

ஐரோப்பிய சிஇ முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் இடுவது. இணக்க அறிவிப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். முத்திரையுள்ள பாகங்களைச் சேர்த்துப் பூட்டினாலும் முழு இயந்திரமும் தானாக இணக்கம் பெற்றுவிடாது. முழுச் சோதனைக்கு விசேட கூடம் வேண்டும். சென்னையிலுள்ள சமீர் நிறுவனம் போன்றவை அதைச் செய்கின்றன.

எங்கே தொடங்குவது

மின்னியலாளருக்கான தேசிய தொழிற்தகைமை 3, 4 ஆம் மட்டங்களை முதலில் முடியுங்கள். மேலே படிக்க ஏ9 வீதியால் தெற்கே போனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இருக்கின்றன. மெகர், எர்த் டெஸ்டர், கசிவு அளக்கும் கிளம்ப் மீற்றர் மூன்றும் முதல் முதலீடு.

பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கோப்புத் திறவுங்கள்: சுற்றுப்படம், அளவுகள், திகதி, கையொப்பம். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு அந்தக் கோப்பையும் மேசையில் வையுங்கள். உங்கள் வேலையை அதைப் பார்த்தே மதிப்பிடுவார்கள்.