கண்ணில் மணல் உறுத்துகிறதா?



"கண்ணுல மண்ணு விழுந்தாப்ல உறுத்துது" என்று எங்கள் குழுவில் தையல் தைக்கும் அக்கா சொன்னபோது, சூடு என்று விளக்கெண்ணெய் விடச் சொன்னோம். கூட்டத்துக்கு வராதபோது சாக்கு சொல்றாங்கன்னு நினைத்தோம். அது கண் வறட்சி!

கண் வறண்டால், உறுத்தல் தாங்காமல் தண்ணீராகவும் ஊற்றும். அடுப்புப் புகை, இமைக்காமல் தைப்பது, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாமே காரணம் ஆகலாம். வாய் வறட்சி, மூட்டு வலியும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; பெண்களுக்கே அதிகம் வரும் ஜோக்ரன் நோயாக இருக்கலாம்.

கண் டாக்டர் கீழ் இமையில் சிறு காகிதப் பட்டையை 5 நிமிடம் வைப்பார். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் வறட்சி கடுமை. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை டாக்டர் சொன்னபடி விடாமல் போட வேண்டும். போதாவிட்டால், கண்ணீர் வடியும் துவாரத்தைச் சிறு அடைப்பான் வைத்து மூடுவார்கள். கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகலாம். மருந்துக்கடையில் நாமாக வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு, கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறித்துவிடலாம்.

இப்போது முறை வைத்து அக்காவோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறோம். பாஸ்புக் எழுதும் வேலையை வேறொருவர் பார்க்கிறார். நோய் முழுசா போகலை. ஆனா அக்கா திரும்பவும் கூட்டத்துக்கு வர்றாங்க. உங்கள் குழுவிலும் யாராவது கண்ணைக் கசக்கினால், என்னவென்று கேளுங்கள்!